வேலியில் காய்த்தது

சென்னை தி. நகரில் கல்யாண விருந்து முடிந்து மண்டப வாசலுக்கு வந்தால் ஸ்வீட் பீடா தருகிறார்கள். அதன் தலையில் பல்குச்சியால் குத்தி நிறுத்தியிருக்கும் சிவப்பு உருண்டையை நாம் செர்ரி என்கிறோம். பேக்கரி கேக்கின் உச்சியில் உட்கார்ந்திருப்பதும் அதுவே. பெரும்பாலும் அது செர்ரி இல்லை, களாக்காய். காயாகவே பறித்து, விதையைத் தோண்டியெடுத்து, உப்புநீரில் ஊறப்போட்டுப் பாலையும் புளிப்பையும் போக்கி, சாயமேற்றி, சர்க்கரைப் பாகில் நாள்கணக்கில் கிடத்தினால் செர்ரி தயார். தன் நிறம், தன் ருசி, தன் பெயர் மூன்றையும் விட்டுக்கொடுத்த பிறகுதான் களாக்காய்க்குப் பந்தியில் இடம் கிடைத்திருக்கிறது.

இதே ஊரில்தான் மொட்டை மாடித் தோட்டக்காரர்கள் பிளாக்பெர்ரி செடிக்கு அலைகிறார்கள். இணையத்தில் விற்கிறார்கள்; படத்தில் கொத்துக் கொத்தாகக் கறுத்துத் தொங்குகிறது. செடி வருகிறது, தளிர்க்கிறது, முள்ளும் விடுகிறது. சிலருக்கு மாடிக் கைப்பிடிச்சுவர் மேல் ஏறிப் படரவும் செய்கிறது. காய்ப்பதில்லை. கைராசிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ரூபஸ் என்ற அந்தப் பேரினத்தின் தோட்ட வகைகளில் பெரும்பாலானவற்றின் தண்டுக்கு ஈராண்டு வாழ்க்கை: முதலாண்டு இலை, மறு ஆண்டு பூவும் பழமும், பிறகு சாவு. இரண்டுக்கும் நடுவே ஒரு குளிர்காலம் வேண்டும். வகையைப் பொறுத்துச் சில நூறு மணி நேரமாவது சுமார் 7 பாகை செல்சியஸுக்குக் கீழே உறங்கி எழுந்தால்தான் தண்டின் மொட்டுகள் பூவாக மாறும். சென்னையில் மார்கழிப் பஜனைக்குப் போகிறவர்கள் மப்ளர் கட்டிக்கொள்வது உண்மைதான். ஆனால் அந்தக் குளிர் 20 பாகையை ஒட்டிய குளிர். செடி அதைக் குளிராகவே கணக்கில் எடுத்துக்கொள்ளாது. உறங்க முடியாமல் வருடம் முழுக்கக் கண்விழித்திருந்து களைத்துப்போகும்.

ரூபஸ் நமக்கு முற்றிலும் அந்நியமும் இல்லை. ஊட்டி, கொடைக்கானல் சாலையோரங்களில் மஞ்சள் பழத்தோடும் கறுப்புப் பழத்தோடும் தானாகவே வளர்ந்து கிடக்கிறது. மலைக்குப் போகிறவர்கள் வண்டியை நிறுத்திப் பறித்துத் தின்கிறார்கள். அந்த மஞ்சள் பழச் செடியான ரூபஸ் எலிப்டிகஸ் ஹவாய்த் தீவுகளுக்குப் போய் அங்குள்ள காட்டை விழுங்க ஆரம்பித்து, உலகின் மிக மோசமான 100 ஊடுருவல் உயிரினங்களின் பட்டியலில் இடம்பிடித்திருக்கிறது. மயிலாப்பூரில் ஒரு பழம் தர மறுக்கிற குலம், இன்னொரு இடத்தில் அடக்கினாலும் அடங்காமல் நிற்கிறது.

சமரசமாகச் சிலர் மல்பெரி வைக்கிறார்கள். பட்டுப்புழுவுக்கு இலை போடுகிற அதே முசுக்கொட்டை. பார்வைக்குப் பிளாக்பெர்ரியின் தம்பி. நெருங்கிய உறவெல்லாம் ஒன்றுமில்லை, பிளாக்பெர்ரி ஒரே பூவின் பல சூலகங்கள் சேர்ந்து திரண்டது, மல்பெரி பல பூக்கள் நெருங்கி ஒட்டி ஒன்றானது. கிளையைக் கத்தரித்து, மிச்சமிருக்கும் இலைகளையும் உருவிவிட்டால் புதுத் தளிரோடு கூடவே காய் வைக்கும். பெரிய டிரம்மில் வைத்தாலும் சென்னை வெயிலில் சுணங்காது. நல்ல செடி, குறை சொல்ல ஒன்றுமில்லை. முள் இல்லை என்பதைத் தவிர. எனக்கு அது குறையாகப் படுவதற்குக் காரணம் இருக்கிறது.

பிளாக்பெர்ரி அதன் சொந்த ஊரில் தோட்டப் பயிராகத் தொடங்கியதல்ல. இங்கிலாந்தின் வயல்களைப் பிரித்த முள்வேலிகளில் அது தானாக வளர்ந்தது. கோடை கடைசியில் பிள்ளைகள் பாத்திரத்தோடு போய், கையெல்லாம் கீறிக்கொண்டு பறித்து வந்தார்கள். வேலி ஒருவருடையது, பழம் வழியில் போகிறவருடையது. அதை வீட்டுத் தோட்டத்துக்குள் கொண்டுவந்து, இனம் கலந்து, முள்ளையும் நீக்கியது பிற்பாடு நடந்த கதை. கலிபோர்னியாவில் நீதிபதி லோகன் 1881 வாக்கில் தன் வீட்டுக் கொல்லையில் பிளாக்பெர்ரியையும் ராஸ்பெர்ரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அவை தாமாகவே கலந்து லோகன்பெரி பிறந்ததெல்லாம் அந்தக் கதையின் ஓர் அத்தியாயம். ஆக, சென்னையில் பிளாக்பெர்ரிக்கு நிகர் எது என்று தேடுகிறவர் அதே வடிவமும் அதே நிறமும் உள்ள பழத்தைத் தேடக்கூடாது. இந்த ஊரின் வேலியில் எது காய்த்தது என்று கேட்கவேண்டும்.

களா காய்த்தது.

காரிஸ்ஸா கராண்டஸ் என்று தாவரவியல் அழைக்கும் இந்தப் புதரைக் கத்தரிக்காமல் விட்டால் இரண்டு ஆள் உயரம் போகும். தடித்த, பளபளப்பான இலைகள் எதிரெதிராக. மல்லிகை என்று ஏமாற்றுகிற சின்ன வெள்ளைப் பூ, லேசான வாசனையோடு. முள் இணை இணையாக, சில சமயம் நுனியில் கவைத்து, நீளமாக, மரத்தின் உறுதியோடு இருக்கும். ரோஜா முள் தோலைக் கீறும். களா முள் உள்ளே இறங்கும். எங்கே ஒடித்தாலும் பால் வடியும். குடும்பம் அப்படி: அரளி, நந்தியாவட்டை, நித்தியகல்யாணி எல்லாம் இதற்குப் பங்காளிகள். மயிலாப்பூரில் பூஜைக்குப் பூப்பறிக்கச் செடி வைத்திருக்கும் எந்த வீட்டிலும் இந்தக் குடும்பத்தில் ஒருவராவது இருப்பார். அரளியின் பால் விஷம், அதன் பங்காளியின் காய் ஊறுகாய் என்பது இயற்கையின் விசித்திரங்களில் ஒன்று. முதலில் யாருக்கு அந்தத் துணிச்சல் வந்ததோ.

காய் வெளிறிய பச்சையில் தொடங்கி, ஒரு பக்கம் ரோஜா நிறம் ஏறி, சிவந்து, கடைசியில் கருநீலமாகக் கறுக்கும். கோடையின் நடுவில் வரத் தொடங்கி ஆடி ஆவணி வரை இருக்கும். மயிலாப்பூர் தெற்கு மாட வீதியில் காய்கறிக் கூடைகளுக்கு நடுவே மாவடு, மாகாளிக்கிழங்கு போல இதுவும் தன் பருவத்தில் தலைகாட்டும். கேட்டுத் தெரிந்தவர்கள்தான் வாங்குவார்கள். இரண்டாக நறுக்கி விதை நீக்கி, உப்புநீரில் அலசிப் பாலை எடுத்து, நல்லெண்ணெயில் கடுகு தாளித்து, மிளகாய்த்தூள், வெந்தயம், பெருங்காயத்தோடு போடும் களாக்காய் ஊறுகாய்க்கு எலுமிச்சைக்கும் மாங்காய்க்கும் இல்லாத ஒரு குணம் உண்டு. புளிப்பு நாக்கைத் தொட்டுவிட்டு ஓடாது, பிசினாக அங்கேயே தங்கும். அதில் நிறைய இருக்கும் பெக்டினின் வேலை அது. அந்தப் பெக்டினை நம்பித்தான் வெள்ளைக்காரத் துரைசானிகள் தங்கள் ஊர்ப் பழங்களுக்கு மாற்றாகக் களாவில் ஜெல்லி காய்ச்சினார்கள். அப்போதும் அது இன்னொன்றின் வேடத்தில்தான் இருந்தது.

பள்ளிக்கூட வாசல் பாட்டிகளின் சாக்கு விரிப்பில் நெல்லிக்காய், கீற்றுப் போட்ட மாங்காய், இலந்தைப்பழம் ஆகியவற்றுக்கு அடுத்த குவியல் களாக்காயுடையது. உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுக் கடித்தால் உதடு இரண்டும் ஒட்டிக்கொள்ளும். இலந்தைக்கு அதிர்ஷ்டம், 1968இல் பணமா பாசமா படத்தில் எல்.ஆர். ஈஸ்வரி குரலில் ஊரெல்லாம் ஒலிக்கும் பாட்டு ஒன்று கிடைத்தது. களாவுக்கு சினிமாவில் யாரும் பாடவில்லை.

அதற்கு ஈடாகச் சங்கப் பாடல்கள் இருக்கின்றன. பாணர்களின் சிறிய யாழின் வளைந்த கறுப்புக் கோட்டைப் பார்க்கும்போதெல்லாம் புறநானூற்றுப் புலவர்களுக்குக் களங்கனி நினைவுக்கு வருகிறது. ஆய் அண்டிரனைப் பாடிய உறையூர் ஏணிச்சேரி முடமோசியாருக்கும் வந்தது. கறுப்புக்கு உவமையாகக் களங்கனியைச் சொன்னால் கேட்கிறவருக்கு உடனே புரியும் என்ற நம்பிக்கை அதில் இருக்கிறது. எல்லோர் கண்ணிலும் தினமும் படுகிற பழமாக அது இருந்திருக்கவேண்டும். பதிற்றுப்பத்தின் நான்காம் பத்தில் காப்பியாற்றுக் காப்பியனார் பாடிய சேரன் பெயரிலேயே களாவைச் சூடியிருக்கிறான்: களங்காய்க் கண்ணி நார்முடிச் சேரல். முடிசூடும் வேளையில் உரிய கண்ணியும் முடியும் கைவசம் இல்லாததால் களங்காயால் கண்ணியும் நாரால் முடியும் செய்து சூட்டிக்கொண்டான் என்று உரைமரபு காரணம் சொல்கிறது. பொன் கிடைக்காத அரசன் தோட்டத்துப் பூவைத் தேடிப் போகவில்லை, வேலிக் காயைக் கோத்துத் தலையில் வைத்துக்கொண்டான் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. பதிற்றுப்பத்தை 1904இல் அச்சில் கொண்டுவந்த உ.வே. சாமிநாதையர் திரட்டிய சுவடிகள் இன்று பெசன்ட் நகரில், அவர் பெயரில் அமைந்த நூலகத்தில் இருக்கின்றன. அந்த நூலகத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் நடந்தால் போகன்வில்லா கிடைக்கும், ஃபைக்கஸ் கிடைக்கும், பாம் வகைகள் கிடைக்கும்.

வேலி என்றதும் இந்த நாட்டில் எழுந்ததிலேயே மிகப்பெரிய வேலியையும், அதில் களாவுக்கு இருந்த பங்கையும் சொல்லாமல் போக முடியவில்லை. உப்புக்கு வரி வசூலிக்க வெள்ளை அரசாங்கம் வட இந்தியாவின் குறுக்கே ஒரு சுங்கக் கோடு போட்டது. 1869இல் அது சிந்து நதியிலிருந்து மத்திய மாகாணங்களின் வழியாக மகாநதிவரை 2,300 மைல் நீண்டதென்றும், கிட்டத்தட்ட 12,000 பேர் அதைக் காத்தார்களென்றும் அந்த அரசாங்கத்தின் அதிகாரியான ஜான் ஸ்ட்ரேச்சி எழுதியிருக்கிறார். அந்தக் கோட்டின் பெரும்பகுதி முள்வேலி. மண்ணுக்குத் தகுந்தபடி கருவேலம், இலந்தை, களா, சப்பாத்திக்கள்ளி என்று நட்டு, நீர் ஊற்றி, கத்தரித்து வளர்த்தார்கள். 1879இல் சுங்கக் கோட்டையே கைவிட்டதும் வேலியும் மறந்துபோயிற்று. இங்கிலாந்து எழுத்தாளர் ராய் மாக்ஸம் அதன் எச்சத்தைத் தேடி அலைந்து 2001இல் ஒரு புத்தகம் எழுதினார். 1867 முதல் 1870 வரை அந்த வேலியை முனைப்போடு வளர்த்த சுங்க ஆணையர் யார் தெரியுமா? ஆலன் ஆக்டேவியன் ஹியூம். பின்னாளில் காங்கிரஸைத் தொடங்கியவர் என்று நாம் பாடப்புத்தகத்தில் படித்த அதே ஹியூம்தான். பிரம்மஞான சபையின் சிம்லாக் கிளையை நடத்தியவரும் அவரே. 1884 டிசம்பரில் அடையாற்றில் பிரம்மஞான சபை மாநாடு முடிந்ததும் மயிலாப்பூரில் திவான் பகதூர் ரகுநாத ராவ் வீட்டில் 17 பேர் கூடி ஒரு தேசிய இயக்கத்துக்குத் திட்டமிட்டதாக அன்னி பெசன்ட் எழுதுகிறார். ஏழைகளின் உப்பைத் தடுக்கக் களாவும் இலந்தையும் நட்ட கை, அடுத்த ஆண்டு பம்பாயில் காங்கிரஸை நட்டது. செடிக்கு இதில் பாவமும் இல்லை, புண்ணியமும் இல்லை. வேலிக்குள்ளே யார், வெளியே யார் என்று அது கேட்பதில்லை. இரண்டு பக்கமும் காய்க்கிறது.

இரண்டு பக்கமும் காய்ப்பது சிறிய விஷயமாகத் தோன்றலாம். உயிர்வேலி என்பதே ஒரு சமையலறை. பிரண்டை அதன்மேல்தான் படரும். கோவை, தூதுவளை, முடக்கத்தான், வேலிப்பருத்தி எல்லாம் ஏற ஒரு முள்புதர் வேண்டியவை. கொங்கு நாட்டுக் கொறங்காடுகளில் மேய்ச்சல் நிலத்தைச் சுற்றி முள்கிளுவை வைத்து இன்றும் அப்படித்தான் காக்கிறார்கள். சென்னையின் பழைய தோட்ட வீடுகளிலும் மருதாணி, கொடுக்காப்புளி, களா என்று ஏதோ ஒன்று எல்லையில் நின்றது. பாட்டிகள் துவையலுக்கும் ரசத்துக்கும் வேலிக்குத்தான் போனார்கள். அதே பிரண்டையையும் தூதுவளையையும் நாம் இப்போது மாட வீதியில் கட்டு இவ்வளவு என்று பேரம் பேசி வாங்குகிறோம்.

வேலி போய்ச் சுவர் வந்தது. 1920களில் நெடிய ஏரியைத் தூர்த்து மனையாகப் பிரித்துத் தி. நகரை உருவாக்கியபோதும், பிறகு அடையாற்றில் காந்தி நகரும் கஸ்தூரிபா நகரும் எழுந்தபோதும் கொஞ்ச காலம் செடியும் சுவரும் சேர்ந்திருந்தன. தனி வீடுகளை இடித்து அடுக்ககம் கட்டியபோது எல்லையிலிருந்து கட்டடம்வரை விடவேண்டிய இடம் சில அடிகளாகச் சுருங்கி, அதிலும் காரும் ஜெனரேட்டரும் மெட்ரோ வாட்டர் தொட்டியும் புகுந்தன. வேலிக்கு அகலம் வேண்டும், சுவருக்கு ஒன்பது அங்குலம் போதும். கணக்கு அத்தனை எளிது. அதை நான் பழிக்கவில்லை. கிரவுண்டு இத்தனை கோடி விற்கிற ஊரில் யாரும் களாவுக்கு மூன்றடி விடமாட்டார்கள்.

ஆனால் முள்ளை விட்டுவிட்டோம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளமாட்டேன். வீட்டில் முள்செடி ஆகாது என்று வாஸ்து பேசுகிறவர் வீட்டு மதிலைப் பாருங்கள். உச்சியில் சிமெண்டில் பதித்த பாட்டில் சில்லு, அதற்கு மேல் முள்கம்பி, இன்னும் வசதியானவரானால் சுருள் சுருளாகப் பிளேடு கம்பி. களா முள்ளைவிட இவை கூர்மை. இவற்றில் பூவில்லை, சின்னான் குருவி கூடு கட்டுவதில்லை, ஆடி மாதம் ஒன்றும் காய்ப்பதில்லை. முள்ளுக்குக் கூலியாகப் பழம் தந்துகொண்டிருந்த செடியை அனுப்பிவிட்டு, முள்ளை மட்டும் சம்பளமில்லாமல் வைத்துக்கொண்டோம்.

நகரத்துக்குள் களாவின் குடும்பம் முற்றிலும் அழிந்துவிடவில்லை. கவர்னரின் வேட்டைத் தோட்டமாக இருந்து 1978இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட கிண்டிக் காட்டில், சுமார் 2.7 சதுர கிலோமீட்டருக்குள், சிறுகளா செழித்துக் கிடக்கிறது. காரை, சூரை, காட்டு எலுமிச்சை, சங்கஞ்செடி என்று முள்ளும் பழமும் சேர்ந்த கூட்டமே அங்கே உண்டு. சோழமண்டலக் கரையின் உலர் பசுமைக்காடு இப்படித்தான் இருந்தது: மழை மூன்று மாதம், வெயில் ஒன்பது மாதம், நடுவே உயிர்பிழைக்கத் தெரிந்த குட்டை மரங்களும் முள்புதர்களும். அடையாற்றுக் கழிமுகத்தில் குப்பை கொட்டிக் கிடந்த 58 ஏக்கரைத் திருத்தி 2011இல் திறந்த தொல்காப்பியப் பூங்காவிலும் இந்தக் கரையின் சொந்தச் செடிகளையே தேடி நட்டிருக்கிறார்கள். களா வளரச் சென்னை ஒத்துவருமா என்று கேட்பவருக்கு இதுவே பதில். களா இங்கே விருந்தாளி இல்லை.

வளர்க்க நினைப்பவருக்குச் சில வார்த்தைகள். கறுத்துக் கனிந்த பழத்திலிருந்து எடுத்த விதையைச் சதை போகக் கழுவி உடனே ஊன்றவேண்டும். அடுத்த வருடத்துக்கென்று தாளில் மடித்து வைத்தால் முளைக்காது. குச்சி நட்டால் எளிதில் வேர் பிடிக்காது, பதியன் போட்டால் வரும். அரசு தோட்டக்கலைப் பண்ணைகளில் பருவத்தில் கேட்டுப் பார்க்கலாம். மயிலாப்பூர், பெசன்ட் நகர் மணல் இதற்கு இனிக்கும். தி. நகர் பழைய ஏரிக் களிமண். ஐப்பசி மழையில் தண்ணீர் கட்டும் இடத்தைத் தவிர்த்து மேட்டில் வைக்கவேண்டும். முதல் இரண்டு கோடைக்கு நீர், பிறகு மறந்துவிடலாம். மூன்றாவது வருடம் வாக்கில் காய் பார்க்கலாம். மாடியில் டிரம்மில் வைத்தாலும் காய்க்கும்தான். ஆனால் மாடியில் நிற்கும் களா எதற்கும் எல்லை இல்லை. அதைத் தாண்டி யாரும் போவதில்லை, தாண்டாமல் யாரும் நிற்பதுமில்லை. ஊறுகாய்க்குக் காய் கிடைக்கும், அவ்வளவே.

அதனால் எங்கள் அடுக்ககத்தின் பின்பக்க மதிலை ஒட்டி, மோட்டார் ரூமுக்கும் சந்துக்கும் நடுவில் கிடக்கும் துண்டு நிலத்தில் நடலாம் என்று அசோசியேஷன் செக்ரட்டரியிடம் கேட்டேன். பேங்கில் இருந்து ஓய்வு பெற்றவர், எதற்கும் விதி பார்ப்பவர்.

"முள்ளுச் செடியா சார்? பசங்க பந்து எடுக்கப் போற இடமாச்சே."

"முன்னாடி காகிதப்பூ வெச்சிருக்கோமே, அதுக்கும் முள்ளு இருக்கே சார்."

"அது அழகுக்கு வெச்சது."

"இது வளர்ந்தா மதில் மேல கண்ணாடி பதிக்கிற செலவு மிச்சம் சார். பழசெல்லாம் பேந்துபோச்சு, எஸ்டிமேட் வாங்கணும்னு நீங்கதானே சொன்னீங்க?"

செலவு மிச்சம் என்றதும் கொஞ்சம் யோசித்தார். என்ன காய்க்கும் என்று கேட்டார். சொன்னேன். "அட, களாக்காயா? எங்கம்மா போடுவாங்க சார்," என்று முகம் மலர்ந்தவர், உடனே சுதாரித்துக்கொண்டு, "சரி, மதிலுக்கு அந்தப் பக்கம் சந்துல தொங்குற காய் யாருக்கு?" என்றார்.

"சந்துல போறவங்களுக்கு."

அது அவருக்கு ஒப்பவில்லை. தண்ணீர் நம்முடையது, மெயின்டனன்ஸ் நம்முடையது, காய் மட்டும் எப்படி ஊராருடையது என்று கேட்டார். ஜெனரல் பாடியில் வைக்கச் சொல்லியிருக்கிறார். மூன்றாவது மாடி மாமி இப்போதே தன் பங்குக்கு ஒரு படி சொல்லிவைத்துவிட்டார். இன்னும் விதை ஊன்றவே இல்லை.